வளைவுக்கு அப்பால் கரடி

"அடிச்சிட்டாங்க! ரெண்டு தடவை அடிச்சிட்டாங்க! வேகத்தைக் குறை மெர்வின்!"

வண்டி ஓட்டிய கணவனுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து லோர்னா பாதி எழுந்தே விட்டாள்.

எதிரே வந்த சிவப்பு டிரக், ஹெட்லைட்டை இரண்டு முறை சிமிட்டிவிட்டுக் கடந்து போனது. வடக்கே போகும் அந்தக் காட்டுச் சாலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்னால் மிருகம் நிற்கிறது.

"கிரிஸ்லியா இருக்குமா?" மெர்வின் ஸ்டியரிங்கின் மேல் குனிந்தார்.

"வேற என்ன பாக்கி நமக்கு?"

உண்மைதான். மூஸ் என்ற பெரிய மானைப் பார்த்தாயிற்று, காட்டெருமை பார்த்தாயிற்று, கருங்கரடிகூடக் குட்டியோடு பார்த்தாயிற்று. மெர்வின் ஆயுளெல்லாம் ஆசைப்பட்ட கிரிஸ்லி கரடி மட்டும் கண்ணில் படவில்லை. வாடகைக்கு எடுத்த கேரவன் வண்டியை நாளைக் காலை ஒப்படைத்தாக வேண்டும். இன்று தப்பினால் இனி எங்கே?

வண்டி ஊர்ந்து வளைவைத் திரும்பியது.

"அதோ! அதோ! என்னமோ அசையுது!"

லோர்னா பைனாகுலரைத் திருப்பினாள். "அட, ரோடு போடற ஆளுங்கப்பா. நீ காட்டைப் பாரு, காட்டை!"

காட்டைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே ஊர்ந்தார்கள். ஒரு முயல்கூட இல்லை.

சற்றுத் தொலைவில் பெட்ரோல் போடும் லாட்ஜ். அங்கே இலவங்கப்பட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்த கேரவன்காரர்கள் எல்லோரிடமும் இதே புலம்பல்.

"சிவப்பு டிரக்தானே? அந்தப் பொண்ணு எங்களுக்கும் விளக்கடிச்சா. கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்," என்றார் ஹார்வி என்பவர்.

"உள்ளூர்க்காரங்களுக்கு நம்மளப் பாத்தா கேலி," என்றாள் அவர் மனைவி.

லோர்னாவுக்கு ரத்தம் கொதித்தது. மீன் டப்பா ஆலையில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். சங்கம் கட்டியவள், அதற்காகச் சிறைக்கும் போனவள். மேடையிலும் சரி, முதலாளி அறையிலும் சரி, பொய் பேசியதில்லை. பேசியவனை விட்டதுமில்லை.

"இந்த ரோட்டுல அந்த விளக்கு ஒரு வாக்குங்க! முன்பின் தெரியாத ஆளு சொல்றதை நம்பி நிக்கிறோம். அதை ஒருத்தி விளையாட்டாக்குவா, நாம பாத்துட்டு இருக்கணுமா?"

"தோழர் ஆரம்பிச்சுட்டாங்க," என்று மெர்வின் ரொட்டியிடம் சொன்னார்.

"சிரிக்காதே. போனது உன் கரடிதான்." லோர்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இனிமே அந்தச் சிவப்பு வண்டி விளக்கடிச்சா ஒருத்தரும் வேகத்தைக் குறைக்கக் கூடாது. வர்ற வண்டிக்கெல்லாம் சொல்லிடணும். சம்மதம்னா கை தூக்குங்க!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. நாய் வைத்திருந்தவர் நாயின் காலையும் தூக்கினார். ஒரே சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து வாசலில் சிவப்பு டிரக் வந்து நின்றது.

காலி பிளாஸ்க்கோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். "என்ன பெர்னிஸ், மறுபடியும் காப்பியா?" என்று கடைக்காரி வாங்கிக்கொண்டாள்.

லோர்னா வழியை மறித்தாள். "ஏம்மா, எங்களுக்கு விளக்கடிச்சது நீதானே?"

"ஆமா."

"கரடி இருந்துச்சா?"

"இல்ல."

"மூஸ்?"

"ஒண்ணும் இல்ல."

"தைரியமா வேற சொல்றா பாருங்க!" என்றாள் ஹார்வியின் மனைவி.

பெர்னிஸ் அசரவில்லை. "வளைவுக்கு அந்தப் பக்கம் என் தம்பி தார் போட்டுட்டிருக்கான். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், மெதுவாகச் செல்லவும்'னு ஆளுயரத்துக்குப் பலகை வெச்சிருக்கு. நீங்க யாராவது பாத்தீங்களா?"

ஹார்வி ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"கொடி பிடிச்சு நிறுத்த ஆள் இருக்கணுமே?" சங்கக்காரியின் கேள்வி லோர்னாவிடமிருந்து தானாக வந்தது.

"இருந்தான். போன வாரம் ஒரு கேரவன் அவனைத் தூக்கி அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கான். ஒப்பந்தக்காரர் வேற ஆள் போடல. எனக்கு இன்னைக்கு லீவு. அதான் அங்கயும் இங்கயுமா ஓட்டிட்டிருக்கேன். ஆள் இருக்குன்னா நீங்க நிக்க மாட்டீங்க. மிருகம் இருக்குன்னா நிப்பீங்க."

காப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

லோர்னா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"தீர்மானம் ரத்து," என்றாள்.

வடக்கே கிளம்பியபோது மெர்வின் சாவியை மனைவியிடம் நீட்டினார். லோர்னாதான் ஓட்டினாள். ஒரு மேடு ஏறி இறங்கியதும் மெர்வின் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நிறுத்து! நிறுத்து! லோர்னா, அங்க பாரு!"

ஓரத்துப் புல்லில், மஞ்சள் பூக்களை வாய் நிறைய மென்றுகொண்டு, தோளில் திமிலோடு நின்றது கிரிஸ்லி. பின்னால் இரண்டு குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று புரண்டன. மெர்வின் படம் எடுக்க மறந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சின்னப்பிள்ளைபோல் சிரித்தார், அழுதார். தாய்க்கரடி நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு குட்டிகளோடு புதருக்குள் மறைந்தது.

"பாத்துட்டேன்டி! கடைசியில பாத்துட்டேன்!"

அப்போதுதான் எதிரே ஒரு பெரிய கேரவன் பறந்து வந்தது. லோர்னா ஹெட்லைட்டை இரண்டு முறை சிமிட்டினாள். அது கிறீச்சிட்டு நின்றது. ஓட்டியவன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினான்.

"எங்க? எங்க? என்ன மிருகம் அக்கா?"

மெர்வின் புதரைக் காட்டக் கை தூக்கினார். லோர்னா அந்தக் கையைப் பிடித்து மடியில் அமுக்கினாள்.

"இங்க ஒண்ணுமே இல்ல தம்பி. லாட்ஜைத் தாண்டிப் போங்க, ஒரு வளைவு வரும், அதுக்கு முன்னாடி. கிரிஸ்லி, ரெண்டு குட்டியோட. நடக்கிற வேகத்துல போனாத்தான் கண்ணுல படும்!"