முழங்கால் மோசடி

கூட்டாளி என்பவன் வாயைத் திறக்கக் கூடாது. தையல்காரர் வாயில் எந்நேரமும் குண்டூசி இருந்ததால், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அவரையே பிடித்துப் போட்டார்.

பணியில் இருந்தவரை எத்தனையோ மோசடிக்காரர்களை உள்ளே தள்ளியவர், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தானே ஒன்றில் இறங்கிவிட்டார். வேறு வழியில்லை. பிசியோதெரபிஸ்ட் பெண் அவர் காலில் ஒரு பட்டையை மாட்டிவிட்டிருந்தாள். முழங்கால் மடங்குவதை எண்ணி அது செல்போனுக்கு அனுப்பும். ஒழுங்காக மடக்கினால் திரையில் ஒரு பொம்மை கைதட்டும். மடக்காவிட்டால் அழும்.

"அழுதா அழட்டும்மா. லாக்கப்புல எத்தனை பேர் அழுது பார்த்திருக்கேன்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

மகன்தான் மசியவில்லை. "மாசக் கடைசிக்குள்ள அந்தப் பட்டையில பச்சை விளக்கு எரியலேன்னா பயிற்சி விடுதியில சேர்த்துடுவேன்ப்பா. அங்க டிவி கிடையாது. காப்பியும் கிடையாது."

காப்பி என்றதும் இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது.

வழியையும் பிசியோதெரபிஸ்ட்டே வாய்தவறிச் சொன்னாள். "போன வருஷம் ஒருத்தர் பட்டையைக் கழட்டி டெய்லர் கால்ல கட்டிட்டார் சார். அவர் மிஷினை மிதிக்க மிதிக்க, எங்களுக்குக் கணக்கு ஏறிட்டே இருந்துச்சு. நீங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டீங்க."

"சேச்சே!" என்றார், நாலாவது மாடித் தையல்காரரை நினைத்துக்கொண்டே.

இவர் வீடு முதல் மாடி. வாசலை ஒட்டிய லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. சபித்தபடியே படியேறினார். காலையில் பட்டையைக் கட்டிவிட ஒரு நடை, மதியம் கூட்டாளி தூங்குகிறாரா என்று வேவு பார்க்க ஒரு நடை, மாலையில் பட்டையை மீட்க இன்னொன்று.

"மெதுவா மிதிய்யா! ஆபரேஷன் பண்ண கால் மாதிரியா இருக்கு?"

"யூனிஃபார்ம் சீசன் சார்," என்றார் தையல்காரர், குண்டூசிகளுக்கு நடுவே.

ஒருநாள் கைத்தடியை அங்கேயே மறந்துவிட்டு வந்தார். தடயம்! ஓடிப்போய் எடுத்துவந்தார்.

மாசக் கடைசியில் பச்சை எரிந்தது. பொம்மை கைதட்டியது. பிசியோதெரபிஸ்ட் அவர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "சூப்பர் சார்! விடுதியெல்லாம் வேண்டாம்," என்றாள்.

"எல்லாம் உங்க பட்டையோட மகிமைம்மா," என்று மீசையை முறுக்கினார். தன் சர்வீஸிலேயே இவ்வளவு சுத்தமான குற்றத்தை அவர் பார்த்ததில்லை. யாருக்கும் துளி சந்தேகம் இல்லை!

"ஏங்க, காப்பி ஆறுது," என்று மனைவி அழைக்க, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

வெளியே பிசியோதெரபிஸ்ட், 'பழுது' அட்டையைக் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, லிஃப்டில் இறங்கிப் போனாள்.