டாக்டர் வர்ற நேரம்

“அத்தை, டாக்டர் வந்துடுவார். நீங்க போய் டீ வாங்கிட்டு வந்துடுங்க.”

மருமகள் பிளாஸ்க்கை நீட்டினாள். மாமியார் கையை நீட்டவில்லை.

“நேத்தும் இதே நேரத்துக்குத்தான் அனுப்பினே. முந்தாநாளும் அப்படித்தான். என் பிள்ளைக்கு என்னன்னு டாக்டர் வாயால கேக்க எனக்கு உரிமை இல்லையா?”

“அதான் நான் சொல்றேனே அத்தை. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. தைராய்டையே எடுத்துட்டாங்க. மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா இருப்பாராம்.”

“அது இருக்கட்டும். இந்தக் கேன்சர் எதனால வந்துச்சாம்?”

“உடம்பு போட்டுடுச்சு, நடக்கறதே இல்லை, ருசியா இருக்கட்டும்னு நான் வறுத்து வறுத்துப் போட்டது... அதான் அத்தை.”

“நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?”

கழுத்தில் கட்டோடு படுத்திருந்த மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீங்க பேசக்கூடாது” என்று மனைவி அடக்கிவிட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்குத் தன் வீட்டுக்காரரின் ஆபரேஷனைவிட இந்தக் கட்டில் சமாச்சாரம்தான் பெரிதாக இருந்தது. மாமியார் ஒருவழியாகப் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்ப, இவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். கேட்க ஆள் கிடைத்தால் மாமியார் விடுவாளா?

“ஆறு வயசுல இவனுக்கு இதே கழுத்துல கட்டிங்க. பிழைக்க மாட்டான்னு சொந்தபந்தமே கை கழுவிடுச்சு. நான் விடலையே. இடுப்புல தூக்கிக்கிட்டு, பஸ் மாறி மாறிப் போய், கரண்டு வெச்சு மீட்டுக் கொண்டாந்தேன். அப்படி வளர்த்த பிள்ளையை இவ கையில குடுத்தா, தின்னக் குடுத்தே இந்தக் கோலம் பண்ணிட்டா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

“நல்லா வாய்ச்சா மருமக,” என்று கட்டில்காரம்மா தன் வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தாள். “பெத்தவளை வெளியே துரத்திட்டு அப்படி என்ன ரகசியமோ.”

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அனுபவஸ்தர்.

டாக்டர் வந்தார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். திரை துணிதானே, காதை மறைக்குமா?

“எடையைக் குறைக்கணும்மா. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா நான் முதல்லயே சொன்ன மாதிரி, பெரிய காரணம் அது இல்லை. சின்ன வயசுல கழுத்துல கரண்டு வெச்சாங்க பாருங்க, அந்தக் கதிர்வீச்சு பட்டவங்களுக்குப் பல வருஷம் கழிச்சு தைராய்டுல இப்படி வர வாய்ப்பு அதிகம். அன்னிக்கு அதைச் செய்யலைன்னா இவரே இல்லை, அதுவும் நிஜம். அம்மாகிட்ட நானே பக்குவமா சொல்றேனே?”

“வேண்டாம் டாக்டர். அவங்க வாழ்க்கையில பெருமையா சொல்லிக்கறதே அந்த ஒண்ணைத்தான். அதனால வந்ததுன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க. என் சமையல்தான் காரணம்னே இருந்துட்டுப் போகட்டும். அவங்க திட்டு எனக்குப் பழகிப்போச்சு.”

கட்டில்காரம்மா ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பினாள்.

திரைக்கு இந்தப் பக்கம் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். பிளாஸ்க் மூடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவள். டாக்டர் பேச ஆரம்பித்தபோதே வந்திருக்க வேண்டும், அசையவே இல்லை.

டாக்டர் திரையை விலக்கிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். மருமகளின் முகம் வெளுத்தது.

“அத்தை... எப்ப வந்தீங்க?”

“இதோ, இப்பத்தான் உள்ள நுழையறாங்க,” என்று முந்திக்கொண்டு சொன்னாள் கட்டில்காரம்மா. எதையும் வாய்க்குள் வைத்துப் பழக்கமில்லாதவள், இதை வைத்துக்கொண்டாள்.

“மூடியை விட்டுட்டுப் போயிட்டேன்,” என்றாள் மாமியார்.

கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். மகனின் கழுத்துக்கட்டையே பார்த்தாள். தொடப் போன கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போனதும் அந்த வறுக்கற சட்டியை முதல்ல தூக்கிப் போடு. எல்லாம் உன் சமையலால வந்தது.”

“சரி அத்தை.”

திட்டியவள், மருமகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பிடித்த கையை விடவே இல்லை.

“நாளைக்கும் டாக்டர் வர்ற நேரத்துக்கு,” என்றாள் மெதுவாக, “மறக்காம என்னை டீ வாங்க அனுப்பிடும்மா.”