ஒரு மணி நேரம் முன்னதாக

“காவலுக்கு வச்ச ஆளைக் காணும்!”

திருஞானசம்பந்தம் போட்ட சத்தத்தில் வாய்க்கால் கரையில் நின்ற கொக்கு பறந்தது. வடிவாம்பாள் காய்ந்த வாய்க்காலைப் பார்த்தாள். இன்றைக்கு ஊருக்கு முறைத் தண்ணீர் விடும் நாள். இதுவும் தவறினால் அவள் நாற்றங்கால் மாட்டுத் தீவனம்தான்.

நெரவிப் பக்கம் எல்லாமே கடைமடை. ஆற்று மதகைத் திறந்தால் தண்ணீர் இங்கே வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதனால் மதகடியில் ஓர் ஆளை நிறுத்தி வைப்பார்கள். தண்ணீரைக் கண்டதும் அவன் சைக்கிளில் பறந்து வந்து சொல்ல வேண்டும். முதல் தண்ணீர் கடைமடைக்கு. அதுவரை நடுவில் யாரும் மடை திறக்கக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு.

இந்த வருஷம் காவல் தியாகராசன். காரைக்காலில் ரேடியோ கடை வைத்திருப்பவன். வாயைத் திறந்தால் ஆகாசம்தான். காவலுக்குப் போன முதல் நாளே வடிவாம்பாளிடம் சொன்னான்:

“அக்கா, சூரியனுக்கும் நமக்கும் நடுவுல ஒரு விண்கலத்தை நிறுத்தி வச்சிருந்தாங்க, அமெரிக்காக்காரங்க. சூரியன்லேருந்து கெளம்புற காத்து பூமிக்கு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கண்டு சொல்லிடும். என் உத்தியோகந்தான் அதுக்கும்!”

“சொன்னா சொன்னபடி வருமா தம்பி?”

“அங்கதான் இருக்கு சங்கதி. சில சமயம் அது கண்ட காத்து பூமிக்கு வராம ஒதுங்கிப் போயிடுமாம். கலம் சொன்னது பொய்யில்லக்கா. நடுவுல வழி மாறிடுது.”

அவன் பாடும் அப்படியே ஆனது. இரண்டு முறை மணியடித்துக்கொண்டு வந்தான். “தண்ணி வருது, தண்ணி வருது!” ஊரே பூவும் கற்பூரமுமாகக் கடைமடைக்கு ஓடியது. இரண்டு முறையும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. முழங்கால் சேற்றோடு கடைசி ஆளாக வந்து சேர்ந்த திருஞானசம்பந்தம்தான் முதலில் சிரித்தார்.

“காஞ்ச வாய்க்கா குடிச்சிருக்கும். இல்லேன்னா ஒன் சூரியக் காத்து மாதிரி ஒதுங்கிப் போயிருக்கும்!”

இன்றைக்கு மணிச் சத்தமே இல்லை.

“அந்தக் கலத்தை இப்ப வால்நட்சத்திரம் பாக்கக் கெளப்பி விட்டுட்டாங்கன்னு அவனே சொன்னான்ல? அவனும் கெளம்பிட்டான்! சினிமாக் கொட்டாயில போய்ப் பாருங்க!” என்றார் திருஞானசம்பந்தம்.

கரையே சிரித்தது. வடிவாம்பாளுக்கு ஆத்திரமாக வந்தது. பாவிப் பயல், நம்பி உட்கார்ந்திருக்கிறோமே!

அப்போது வாய்க்காலில் சருகு நகரும் சத்தம்.

எட்டிப் பார்த்தாள். நுரையையும் வைக்கோலையும் தள்ளிக்கொண்டு, பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து…

“தண்ணி! அடியே பெரியநாயகி, தண்ணிடி!”

புடவையைச் செருகிக்கொண்டு குதித்தே விட்டாள். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால்! கற்பூரம் யாரிடமும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! இரண்டு கையாலும் அள்ளி எல்லார் மேலும் இறைத்தாள். கரையில் நின்ற பெரியநாயகி குலவையிட்டாள்.

தண்ணீருக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தியாகராசன் வந்தான். வேட்டியெல்லாம் சேறு.

“எங்கடா தொலைஞ்ச? முன்னாடியே சொல்லத்தானே ஒன்னை வச்சோம்?” என்று பாய்ந்தார் திருஞானசம்பந்தம்.

“வழியிலதான் மாமா இருந்தேன். ஒங்க மூங்கில் கொல்லை மடை மேல. தண்ணி தாண்டுற வரைக்கும் உக்காந்துட்டு வர்றேன்.”

குலவை பாதியில் நின்றது.

“ரெண்டு தடவை சொன்னேன், ரெண்டு தடவையும் நடுவுல ஒதுங்கிடுச்சு. சொல்லாம விட்டா வந்து சேருதான்னு பாத்தேன் மாமா.”

வடிவாம்பாள் தண்ணீரில் நின்றபடி திருஞானசம்பந்தத்தின் காலைப் பார்த்தாள். ஊரே புழுதியில் நின்ற அந்த இரண்டு நாளும் ஈரச் சேறு அப்பியிருந்த கால், இன்றைக்குத்தான் காய்ந்து கிடந்தது.