பஞ்சுவுக்கு ஒவ்வாதது

பூனை பஞ்சு வயிற்று முடியை நக்கி நக்கியே வழித்துவிட்டது. ஒவ்வாமையைக் கண்டுபிடித்துச் சொல்லும் அதன் பேசும் கழுத்துப்பட்டி காட்டிக்கொடுத்த கோழி, மீன், பால் எல்லாவற்றையும் சுகந்தி வாரத்துக்கு ஒன்றாக வீட்டைவிட்டு விலக்கினாள். முடி வளர்ந்தபாடில்லை. நான்காம் வாரம் பட்டி, "ஒவ்வாத பொருள்: கணவர்" என்றது.

ஆபீஸிலிருந்து வரும்போது வறுத்த நெத்திலி வாங்கிவந்து மேசைக்கடியில் பஞ்சுவுக்குத் திருட்டுத்தனமாக ஊட்டிவந்த தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள், அவனுடைய பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

இரண்டு மாதம் லாட்ஜில் கிடந்தான். பஞ்சுவுக்கு முடி பொசுபொசுவென்று வளர்ந்தது. விலக்கியதை ஒருமுறை திரும்பக் கொடுத்துத்தான் நோயை உறுதிசெய்ய வேண்டும் என்றார் பூனை டாக்டர். அதைக் கேள்விப்பட்ட தணிகாசலம் நம்பிக்கையோடு போய்க் கதவைத் தட்டினான்.

"உண்மையச் சொல்லிடறேன் சுகந்தி. நெத்திலிதான் காரணம். நான்தான் குடுத்தேன்."

"தெரியுங்க," என்று கதவைச் சாத்தினாள் சுகந்தி. "எனக்கும் இப்பதான் நிம்மதியா தூக்கம் வருது."