நெற்றிச் சுருக்கத்தில் ஒரு குடித்தனம்

வஞ்சி என்ற கிழட்டு யானையின் நெற்றியில் ஆழமான ஒரு சுருக்கம் இருந்தது. அதற்குள் ஒன்பது வருஷமாக ஓர் உண்ணி குடியிருந்தது. ஒருநாள் வஞ்சி சுருக்கம் போக்கும் நானோ கிரீம் வாங்கி, டப்பா முழுவதையும் நெற்றியில் அப்பிக்கொண்டாள்.

உண்ணியின் வீட்டுக்குள் ஒரே இரைச்சல்.

“யாரது?”

“நானோத் துகள்கள். இந்தச் சுருக்கத்தை நிரப்பி மூட வந்திருக்கிறோம். வீட்டைக் காலி பண்ணுங்கள்.”

“ஒருத்தரையும் கண்ணில் காணோமே?”

“கண்ணில் பட்டால் எங்களை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? காலை எடுங்கள் ஐயா, உங்கள் காலடியில் மட்டும் நாற்பதாயிரம் பேர் நசுங்குகிறோம்.”

உண்ணி கெஞ்சிப் பார்த்தது, கடித்தும் பார்த்தது. கண்ணுக்குத் தெரியாதவர்களை எங்கே கடிப்பது? சாயங்காலத்துக்குள் தரை ஏறி ஏறி, அதை வெளியே தள்ளிவிட்டது. இந்த வயதில் இனி எந்த மாட்டைத் தேடிப் போவது என்று அது புலம்பியது. ஆனாலும் சொல்லாமல் கிளம்ப மனம் வரவில்லை.

“பெரியம்மா, நான் வருகிறேன். உங்கள் நெற்றி ஆற்றுக் கூழாங்கல் போல இருக்கிறது. நிஜமாகவே நீங்கள் அழகு.”

“போடா பொய்க்காரா!” என்றாள் வஞ்சி.

அவளை அழகு என்று யாரும் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்க, இரண்டு கண்ணோரங்களிலும் பள்ளம் பள்ளமாகப் புதுச் சுருக்கங்கள் விழுந்தன.

“யாரம்மா அங்கே சிரிப்பது? நிறுத்தச் சொல்லுங்கள்!” என்று நெற்றிக்குள் துகள்கள் பதறின.

உண்ணி அதற்குள் இடது கண்ணோரத்தில் காற்றோட்டமான ஒரு சுருக்கத்தில் இறங்கியிருந்தது.

“பெரியம்மா, இன்னும் கொஞ்சம் சிரியுங்கள்,” என்றது. “கால் நீட்ட இடம் போதவில்லை.”