இரண்டு கொத்து எள்ளு

"விதை எள்ளு இல்லைத் தங்கச்சி. நாளைக்கு வா, பாப்பம்."

கனகசபாபதி சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். அருந்ததி வெறும் கடகத்தோடு நின்றாள். இது இரண்டாம் தடவை.

1936 மாசி மாதம். கரவெட்டியில் நெல் அறுத்த வயல்களில் எள்ளு விதைக்கும் நேரம். அருந்ததியின் புருசன் சண்முகநாதன் கிணற்றுத் துலாவிலிருந்து விழுந்து, கால் முறிந்து படுக்கையில் கிடந்தான். பத்துப் பரப்பு வயலையும் அவளேதான் விதைத்தாக வேண்டும். எள்ளுத் தவறினால் பால்மாட்டை விற்க வேண்டியதுதான். ஊரில் நல்ல விதையோ பக்கத்து வீட்டுக் கனகசபாபதியிடம் மட்டும்தான்.

அந்த மனிதர் பத்து நாள் அலைய வைத்தார். கடைசியில் கொத்துப் பேணியால் அளந்து கடகத்தில் கொட்டியது இரண்டே கொத்து.

"அண்ணை, நாலு கொத்தெல்லோ கேட்டனான்?"

"இவ்வளவுதான். மணலைக் கலந்து விதை. காணி முழுக்கக் காணும்."

"எள்ளை விதைக்கச் சொல்லுறியளோ, மணலை விதைக்கச் சொல்லுறியளோ?"

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அருந்ததி சும்மா இருப்பாளா? கிணற்றடி, கோயிலடி என்று போன இடமெல்லாம், "கசவாரம்! ஈயத் தெரியாத மனுசன்!" என்று அவர் பெயரை நாறடித்தாள். பிறகு மணலைக் கலந்து, திட்டிக்கொண்டே விசிறினாள்.

ஆனி பிறந்தது. செடிக்குச் செடி நாலைந்து கிளை, கிளை நிறையக் காய். அடித்து எடுத்தபோது சாக்குப் போதவில்லை. மாடு தப்பியது. அருந்ததிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்தக் கசவாரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று, ஒரு சுளகு எள்ளோடு கிளம்பினாள்.

அவர் வீட்டில் இல்லை. மனைவி ஞானாம்பிகை முற்றத்தில் எள்ளுக் காயவிட்டுக்கொண்டிருந்தாள்.

"புது எள்ளோ, மச்சாள்?"

"இல்லையடி, போன வருசத்து விதை. மிஞ்சினது. எண்ணெய்க்குக் குடுக்கப் போறன்."

அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப, வைச்சுக்கொண்டே இல்லையெண்டவரோ?"

"ஓம். உங்கடை பள்ளக் காணி. ஈரம் குறைய முன்னம் விதைச்சால் அழுகிப்போகும். நெருக்கி விதைச்சால் கிளை விடாது, குச்சியாய்த்தான் வளரும். அதுதான் பத்து நாள் இழுத்து, பாதி தந்தவர்."

அருந்ததிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இதை நேரை சொல்லியிருக்கலாமே, மச்சாள்?"

ஞானாம்பிகை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போன வருசம் நேரைதானே சொன்னவர்! 'விதையை மிச்சம் பிடிக்கச் சொல்லுது கசவாரம்' எண்டு நீ வேலிக்கு அங்காலை நிண்டு பேசினதை மறந்திட்டியோ? அதுதான் இந்த முறை, 'அவள் சொல்லுக் கேக்க மாட்டாள். கசவாரம் எண்ட பேர்தான் ஏற்கெனவே கிடைச்சிட்டுதே, அதை வைச்சே அவளின்ரை மாட்டைக் காப்பாத்துவம்' எண்டார் மனுசன்!"