தரையில் விழுந்த முதல் சொட்டு

"பெரியவரே, வீட்டுல காய்ச்சின சாராயம் கிடைக்குமா?" அயர்லாந்துக் கிராமத்து மதுக்கடைக்கு வந்த அமெரிக்கப் பயணி சுத்தமான ஐரிஷ் மொழியில் கேட்டான்.

கிழவர் ஃபெஹீனுக்குப் பக்கென்றது. கோட்டுக்குள் கள்ளச்சாராயப் பாட்டில்.

"ஐரிஷ் பேசுற அமெரிக்கனா? போலீஸ்டி இவன்" என்று கடைக்காரி நோரீனிடம் முணுமுணுத்தார்.

"சும்மா பயப்படாதீங்க பெரியப்பா. ஒரு வாய் குடுங்க" என்றாள் நோரீன்.

பாட்டிலை எடுத்து ஊற்றினார். அவன் சாராயம் காய்ச்சுகிறவர்கள் வழக்கப்படி முதல் சொட்டைத் தேவதைகளுக்கென்று தரையில் விட்டான். காய்ச்சுகிற வீட்டுப் பிள்ளைதான்! ஃபெஹீனுக்கு மூச்சு வந்தது.

குடித்தவனுக்குக் கண் கலங்கியது. "எங்கப்பா கைப்பக்குவம் அப்படியே இருக்கு! இதே ஊர்லதான் காய்ச்சினார். அவரை உள்ள தள்ளி எங்களை அமெரிக்காவுக்கு ஓட வச்ச போலீஸ்காரன் இன்னும் இருக்கானா?"

"செத்துட்டான்" என்றார் ஃபெஹீன், அந்தக் கேஸில் பறிமுதல் செய்தபோது தானே கையெழுத்துப் போட்டுப் பாட்டிலில் ஒட்டிய போலீஸ் சீட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.